நாலு பாக்கெட் பிஸ்கட் ஏற்றிய விலை

உங்கள் மேஜையில் ஆளுக்கு மூன்று திரை இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரே ஒரு டெலிபோன். அதுவும் முதலாளியுடையது. டயலில் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார் அந்த மனுஷன். அவசரமாக மெட்ராஸுக்கு டிரங்கால் புக் பண்ண வேண்டுமென்றால் முதலில் அவரை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் சார் என்று உங்கள் மேனேஜர் கூப்பிட்டார். காபி கொடுத்தார். காபி சுமார்தான், இருந்தாலும் வந்தது வந்தாயிற்று, சொல்லிவிட்டுப் போகிறேன். கணக்கு, சட்டம், கம்ப்யூட்டர் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு செய்தி காதில் விழுந்தால் மனுஷன் என்ன செய்வான் என்பது மட்டும் அந்தத் திரையில் வராது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு வாரம் முழுக்க அதன் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

எழுபதுகளின் கடைசி. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் பங்கு புரோக்கர் ஆபீஸ். ஆபீஸ் என்றால் முதலாளி, நான், ஒரு மின்விசிறி. மெட்ராஸ் மார்க்கெட்டில் இருந்த பெரிய புரோக்கர் ஒருவருக்கு நாங்கள் திருச்சிக் கை. மத்தியானம் டிரங்காலில் அவர் அன்றைய விலைகளைச் சொல்வார். நான் அதை வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதுவேன். ஊரில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பலகைதான் எல்லாம். பேப்பரில் வருவது முந்தின நாள் விலை. பலகையில் இருப்பது இன்றைய விலை. அதனால் எதிர்த்த டீக்கடையில் மத்தியானம் கூட்டம் நெரியும். டீ குடிப்பவர்கள் குறைவு.

முதலாளி எனக்குப் பாடம் என்று எதையும் நடத்தியதில்லை. திட்டும்போது இரண்டு விஷயம் அடிக்கடி வரும். "தெரிஞ்சதை மறைக்காதடா. கேக்கறவன் நம்பினாலும் நம்பாட்டியும் ஒருதரம் சத்தமாச் சொல்லிடு, அப்புறம் அவன் இஷ்டம்." இது ஒன்று. "வாயால பேசி முடிச்சா வியாபாரம் முடிஞ்சது. எழுதறதெல்லாம் ஊருக்காக." இது இன்னொன்று. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. முதலாளியின் மகளுக்கு மதுரையில் பிரசவம். போகும்போது என்னைக் கூப்பிட்டு, ஏதோ பட்டாபிஷேகம் செய்வது மாதிரி டெலிபோன் சாவியை என் கையில் வைத்தார். மூன்று வருஷமாக நான் ஆசைப்பட்ட சாவி. மறுநாள் காலையில் பூட்டைத் திறந்து டிரங்க் புக் பண்ணினால் எக்ஸ்சேஞ்ச் பெண், "மெட்ராஸ் லைன் இல்ல சார். கேபிள் போயிடுச்சு" என்றாள். எப்போது சரியாகும் என்று கேட்டேன். "மழை நிக்கட்டும் சார்" என்றாள். மழையோ நிற்பதாக இல்லை. ரயில் தாமதம், பேப்பர் தாமதம், தந்தி அடித்தால் பதில் எப்போது வருமென்று தந்தி ஆபீசுக்கே தெரியாது. மெட்ராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

பலகையில் என்ன எழுதுவது? இல்லாததை எழுத முடியாது. "லைன் இல்லை" என்று எழுதி வைத்தேன்.

இப்போது பிஸ்கட் கதைக்கு வருகிறேன். மெட்ராஸ் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனி. பெயர் வேண்டாம். நாங்கள் "பிஸ்கட்" என்றுதான் சொல்வோம். இருபது ரூபாய் விலையில் பரம சாதுவாகக் கிடந்த பங்கு அது. ஏறாது, இறங்காது, வருஷா வருஷம் கொஞ்சம் டிவிடெண்ட் கொடுக்கும். ஊரில் பல வாத்தியார்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

லைன் அறுந்த அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கம் வரதாச்சாரி தெப்பக்குளம் கடை ஒன்றில் நாலு பாக்கெட் பிஸ்கட் வாங்கினார். அந்தக் கம்பெனி பிஸ்கட்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வரதாச்சாரி யார் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். ரயில்வே ஆடிட்டில் இருந்து ரிட்டயரானவர். கீழ உத்தர வீதியில் வீடு. ஆசாரமென்றால் அப்படி ஓர் ஆசாரம். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். எங்கள் ஆபீசுக்கு வந்தால் காபி வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிடுவார். பங்கு வாங்குவதிலும் அப்படித்தான், கம்பெனியின் மூன்று வருஷத்துக் கணக்கைப் பிரித்து மேயாமல் ஒரு பங்கு வாங்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர் கடையில் நின்று பிஸ்கட் வாங்குவதை ஜவுளிக்கடைப் பழனியப்பன் பார்த்துவிட்டார். பழனியப்பனிடமும் பிஸ்கட் பங்கு இருந்தது. அவர் சும்மா இருப்பாரா?

"ஐயங்கார் வாங்கறார்னா காரணம் இல்லாம வாங்குவாரா? சரக்கை வாங்கிச் சோதிச்சுப் பாக்கறாருய்யா" என்று டீக்கடையில் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தை ஒன்றாம் நம்பர் பஸ் பார்த்துக்கொண்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது நாலு பாக்கெட். காவிரிப் பாலத்தில் அது ஒரு டின் ஆயிற்று. திருவானைக்காவலில் பெட்டி. ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது, பிஸ்கட் கம்பெனி லால்குடியில் தொழிற்சாலை கட்டப் போகிறது, ஸ்ரீரங்கத்துப் பெரிய மனுஷர் ஒருவருக்கு உள்விவரம் தெரியும், பங்குகளை அள்ளிக்கொண்டிருக்கிறார் என்று முடிந்தது. வழியில் எங்கோ வரதாச்சாரியின் பெயர் மட்டும் உதிர்ந்துபோயிற்று.

மறுநாள் டீக்கடையில் பிஸ்கட் இருபத்தாறு ரூபாய். கேட்பவர்கள் அதிகம், கொடுப்பவர் யாருமில்லை. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழனியப்பன் வந்தார்.

"சேகர், பலகையில என்ன லைன் இல்லைன்னு போட்டிருக்க?"

"லைன் இல்லைங்க. கேபிள் போயிடுச்சு."

"சரி சரி. விலை ஏறினது தெரியக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டுப் போயிருக்காரு. எனக்குப் புரியாதா" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தெட்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பலகையைத் துடைத்துவிட்டேன். வெறும் பலகை இருந்தால் யார் என்ன சொல்ல முடியும்? சொன்னார்கள். எழுதவே முடியாத அளவுக்கு விலை போய்விட்டது என்றார்கள். முப்பத்திரண்டு. சரி, வம்பே வேண்டாமென்று கடைசியாகக் கிடைத்த மெட்ராஸ் விலையை எழுதி, பக்கத்தில் "பழைய விலை" என்றும் எழுதினேன். இருபது. கூட்டம் சிரித்தது. பழைய விலையைக் காட்டி ஏமாந்தவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறான் என்று என்மேல் பழி. முப்பத்தைந்து. உள்ளதைச் சொன்னாலும் ஏறுகிறது, சொல்லாவிட்டாலும் ஏறுகிறது. சாக்பீஸைத் தூக்கித் தெப்பக்குளத்தில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

அன்றைக்கு வரதாச்சாரி குடையோடு வந்து நின்றார். முகத்தில் ஒரு பரபரப்பு.

"ஏம்ப்பா சேகர், எங்க ஊர்க்காரர் யாரோ பிஸ்கட் பங்கை அள்றாராமே. யாரது?"

"சார், நீங்க பிஸ்கட் வாங்கினீங்களா?"

"பங்கா? இன்னும் வாங்கலையே. அதுக்குத்தான வந்தேன்."

"பங்கு இல்ல சார். தின்கிற பிஸ்கட்."

"ஆமா. பம்பாயிலேர்ந்து பேத்திகள் வந்திருக்கா, லீவுக்கு. அதுகளுக்கு அது இல்லாம பொழுது விடியாது. நாலு பாக்கெட் வாங்கிண்டு போனேன். ஏன் கேக்கற?"

எனக்கு உயிர் வந்தது. "சார், அதுதான் சார் விஷயம். நீங்க வாங்கினதைப் பாத்துட்டு ஊர்ல கதை கட்டிட்டாங்க. அந்தப் பெரிய மனுஷர் நீங்கதான்."

வரதாச்சாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆடிட்டில் முப்பது வருஷம் இருந்தவர். யோசித்துத்தான் பேசுவார்.

"நான் எதுக்கு வாங்கினேன்னு எனக்குத் தெரியும். பேத்திகளுக்கு. அந்த மனுஷனோ உள்விவரம் தெரிஞ்சு வாங்கறான். எனக்கு உள்விவரம் எதுவும் தெரியாது. அதனால அது நான் இல்லை. வேற யாரோ" என்றார். இதில் எந்த இடத்தில் தப்பு கண்டுபிடிப்பது சொல்லுங்கள். தனக்கு நூற்றைம்பது, இருநூறு பங்கு கிடைத்தால் சொல்லச் சொல்லிவிட்டு மழையில் போய்விட்டார்.

இது வரைக்கும் கூத்து. மறுநாள் மத்தியானம் ஸ்டெல்லா டீச்சர் வந்தார்.

ஸ்டெல்லா டீச்சரும் அவர் வீட்டுக்காரர் லூர்துசாமி சாரும் மேலப்புதூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். இருவரும் ஸ்கூலில் வேலை. சார் கெமிஸ்ட்ரி. கே.கே. நகர் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. சாரிடம் இருந்த இருநூறு பிஸ்கட் பங்கை இருபதுக்கு விற்றால் பாக்கிப் பணம் கச்சிதமாக வந்துவிடும், அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறினால் மனைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அட்வான்ஸும் திரும்ப வராது. அன்று புதன்கிழமை.

"தம்பி, இவர் விக்க மாட்டேங்கறார். அம்பது வரட்டுங்கறார். பக்கத்து மனையும் சேத்து வாங்கலாமாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாதுன்னு சொல்றார்."

"கெமிஸ்ட்ரிக்கும் இதுக்கும் என்ன டீச்சர்?"

"அதைத்தான் நானும் கேட்டேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பன்னெண்டு வருஷமா மாதா படத்தைப் பெஞ்சு மேல சாய்ச்சு வச்சிருக்கேன் தம்பி. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. எனக்கு ரெண்டு மனை வேணாம். ஒரு சுவரு போதும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர்தான் என்று நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்தக் கணத்தில் எனக்கு முதலாளிமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பிரசவம் பார்க்க மகளுக்கு அம்மா இல்லையா? இவர் எதற்கு?

ஸ்கூல் விட்டதும் லூர்துசாமி சாரைப் பிடித்தேன். நாலு பாக்கெட் கதையை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சேகர், நீ கேள்விப்பட்டது ஒரு கருத்து. நான் கேள்விப்பட்டது ஒரு கருத்து. நேர்ல பாக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு பசங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கறேன்" என்றார். அப்படியானால் நேரிலேயே பார்த்துவிடுங்கள் என்று அவரை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றினேன். டிக்கெட் நான்தான் எடுத்தேன்.

கீழ உத்தர வீதி வீட்டில் வரதாச்சாரி ஊஞ்சலில் இருந்தார். இரண்டு பேத்திகளும் கூடத்தில் உட்கார்ந்து எதையோ கடக்முடக்கென்று மென்றுகொண்டிருந்தார்கள். ஓரத்தில் பிஸ்கட் பாக்கெட் இரண்டு அப்படியே பிரிக்காமல் கிடந்தன. மாமி உள்ளே இருந்து வந்தார். "வாங்கோ. இந்தப் பிஸ்கட்டை நீங்களாவது எடுத்துண்டு போங்கோளேன். ரெண்டு நாள் தின்னுதுகள். இப்போ தட்டை பண்ணிப் போட்டதும் அதை ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்கறதுகள்" என்றார்.

லூர்துசாமி சார் குனிந்து குழந்தைகளைப் பார்த்தார். பாக்கெட்டுகளைப் பார்த்தார். மறுபடியும் குழந்தைகளைப் பார்த்தார். பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

என்னை வாசல் பக்கம் இழுத்துப் போனார். "சேகர், உடனே வித்துடு."

"புரிஞ்சுதா சார்? வெறும் புரளிதான்."

"புரளியாவது ஒண்ணாவது. பம்பாய்க் குழந்தைகளே பிஸ்கட்டை விட்டுட்டுத் தட்டைக்கு மாறிட்டாங்க. நேர்ல பாத்தல்ல? நாட்டுல டிமாண்ட் விழுந்துடுச்சுய்யா. இனிமே அந்தக் கம்பெனி தேறாது."

பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காரணம் தப்பு சார் என்று திருத்துவீர்கள். படித்த பிள்ளைகள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்குத் தெரிய வேண்டியதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. அவர் சரியான முடிவுக்கு வந்திருக்கிறார், எந்த வழியாக வந்தார் என்பது அவர் பாடு. பையில் இருந்த, பங்கைக் கைமாற்றும் டிரான்ஸ்பர் ஃபாரத்தை அங்கேயே நீட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

ஆனால் யாரிடம் விற்பது? மெட்ராஸ் இல்லை. டீக்கடைக்காரர்கள் விலைதான் பேசுவார்கள், பணம் எடுக்க மாட்டார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் குரல் கேட்டது.

"பிஸ்கட் பங்கா? சார் குடுக்கறாரா? டீக்கடையில முப்பத்தெட்டுன்னு பேசிக்கறா. நான் எடுத்துக்கறேன்" என்றார் வரதாச்சாரி.

சத்தமாகச் சொன்னேன். லூர்துசாமி சார் நிற்கிறார், மாமி நிற்கிறார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். "சார், இந்த விலைக்கு ஆதாரம் அதோ தரையில கிடக்குற பாக்கெட்தான். நீங்க வாங்கினதுதான். வேற செய்தி எதுவும் எனக்குத் தெரியாது. மெட்ராஸ்ல கடைசியா இருபது."

வரதாச்சாரி என் தோளில் தட்டினார். "நீ தொழில் பண்றவன். உள்ளதைச் சொல்ல மாட்டே. அது உன் தர்மம், நான் தப்பு சொல்லலை. வெள்ளிக்கிழமை பணம் தரேன்." லூர்துசாமி சாருக்கு வெள்ளிக்கிழமை எங்கே போக வேண்டுமோ அங்கேயே, பத்திர ஆபீசுக்கே வந்து தருவதாகப் பேச்சு. இருவரும் சரி என்றார்கள். பேச்சு முடிந்தது. மறுநாள் டீச்சர் பங்கு சர்ட்டிபிகேட்டுகளை ஆபீசில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மழை நின்றது. நிற்காமல் இருந்திருக்கலாம். பதினோரு மணிக்கு டெலிபோன் அடித்தது. மெட்ராஸ். பெரிய புரோக்கர் லைனில் கத்தினார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பிஸ்கட் என்ன சார் என்று கேட்டேன்.

"பிஸ்கட்டா? அது எங்க போகப் போகுது. அதே இருபது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். டிரங்காலில் குரலைத் தாழ்த்தியவர் அவர் ஒருத்தர்தான். "ஆமா, உங்க ஊர்ல ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருத்தர் அள்றாராமே? நேத்து ரயில்ல வந்தவர் சொன்னார். யாருய்யா அது? எனக்கும் ஒரு நூறு பாரேன்."

போனை வைத்தேன். பூட்டக்கூட இல்லை. சைக்கிளை எடுத்தேன்.

வழி முழுக்க ஒரே நினைப்புதான். இப்போது எனக்கு இன்றைய விலை தெரியும். இதுவரை நான் சொன்னது என் எண்ணம், இது செய்தி. வரதாச்சாரி பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் சொல்லாவிட்டால் நான் புரோக்கர் இல்லை, திருடன். சொன்னால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மனை போகும், அட்வான்ஸ் போகும், ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தே பெடலை மெதுவாக மிதித்தேன். அப்புறம் என்னையே திட்டிக்கொண்டு வேகமாக மிதித்தேன்.

பத்திர ஆபீசில் பணம் இன்னும் கைமாறவில்லை. ராகு காலம். வரதாச்சாரி பன்னிரண்டு மணி வரைக்கும் பையைத் திறக்க மாட்டேன் என்று மஞ்சள் பையை மடியில் வைத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனைக்காரர் பொறுமை இழந்து வெற்றிலைக்கு மேல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் சுவர் ஓரமாக நின்றிருந்தார். உதடு அசைந்தது, ஜெபம்தான் சொல்லியிருப்பார்.

மூச்சு வாங்க நின்று, எல்லார் முன்னாலும் சொன்னேன். "சார், மெட்ராஸ் லைன் வந்துடுச்சு. இப்பதான் பேசினேன். பிஸ்கட் இருபதுதான். ஒரு காசு ஏறலை."

லூர்துசாமி சார் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் வாயைத் திறந்தவர் ஸ்டெல்லா டீச்சர்.

"சார், அப்ப இருபதே குடுங்க. எங்களுக்கு அது போதும். மனைக்குச் சரியாப் போகும். உங்க பணம் எங்களுக்கு வேணாம்."

அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. தீர்ந்தது பிரச்சினை என்று நினைத்தேன். முட்டாள் நான்.

"இருபதா?" வரதாச்சாரி முகம் மலர்ந்தது. "மெட்ராஸ்ல இன்னும் ஏறலையா? பாத்தேளா, அவாளுக்கு இன்னும் விஷயமே தெரியலை. நமக்கு முன்னாடியே தெரிஞ்சுடுத்து."

"ஐயோ சார், அதுக்கு அர்த்தம் அது இல்ல."

"முப்பத்தெட்டுன்னு பேசினது முப்பத்தெட்டுதான். நாளைக்கே அம்பதுக்குப் போனப்புறம், ஒரு டீச்சரம்மாவை மிரட்டி ஐயங்கார் இருபதுக்கு அடிச்சிண்டு போயிட்டான்னு ஊர் சொல்லப்படாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை."

"வேணாம் சார். இருபது போதும்" என்றார் டீச்சர்.

"ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

விற்பவர் விலையைக் குறைக்கிறார், வாங்குபவர் ஏற்றுகிறார். பத்திர ஆபீசில் இருந்த ஸ்டாம்பு வெண்டர் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார். அவர் சர்வீசில் அப்படி ஒரு பேரம் பார்த்திருக்க மாட்டார்.

இதெல்லாம் போதாதென்று லூர்துசாமி சார் கண்ணைத் திறந்தார். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சேகர், அந்த ஃபாரத்தைக் கொடு. நான் விக்கலை."

"என்ன சார் சொல்றீங்க?"

"இருபது ரூபாய்ப் பொருளுக்கு ஒருத்தர் அடம் பிடிச்சு முப்பத்தெட்டு குடுக்கறார்னா, அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. ரயில்வே ஆடிட்டுய்யா. ஃபாரத்தைக் கொடு."

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். மனைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். வரும்போது எந்தப் பார்வைக்குப் பயந்தேனோ அதே பார்வை.

அந்த இடத்தில் யோசிக்க நேரமில்லை. ஃபாரம் என் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் திருப்பிக் கேட்கிறார். பார்த்தால் அவருடைய காகிதம்தான். ஆனால் புதன்கிழமையே பேச்சு முடிந்துவிட்டது. வாங்குகிறவர் விலகிக்கொள்ளட்டும் என்று நான் உள்ளதை எல்லாம் சொன்னேன், அவர் விலகவில்லை. அப்படியிருக்க, விற்றவர் மட்டும் எப்படி விலக முடியும்?

"சார், இது உங்க ஃபாரம் இல்லைங்க. புதன்கிழமையே வித்துட்டீங்க. அவங்க வீட்டு வாசல்ல, மாமி முன்னாடி சரின்னு சொன்னீங்க. இது அவரோடது" என்று சொல்லி, ஃபாரத்தையும் சர்ட்டிபிகேட்டுகளையும் எடுத்து வரதாச்சாரி கையில் கொடுத்தேன். லூர்துசாமி சார் என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். டீச்சர் அவர் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

பன்னிரண்டு அடித்ததும் வரதாச்சாரி மஞ்சள் பையை அவிழ்த்தார். முப்பத்தெட்டுக் கணக்கில், ஒரு பைசா குறையாமல். பத்திரம் பதிவாயிற்று. டீச்சர் விரலில் ஒட்டிய மையைத் துடைக்காமலேயே வீட்டுக்குப் போனார்.

அன்று மத்தியானம் பலகையில் "இன்று" என்று போட்டு இருபது எழுதினேன். டீக்கடை பத்தே நிமிஷத்தில் காலி. பழனியப்பன் ஒரு வாரம் எங்கள் சந்துப் பக்கமே வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், திங்கட்கிழமை மெட்ராஸில் பிஸ்கட் இருபத்திரண்டு. திருச்சியில் ஏதோ நடக்கிறது என்று அங்கே வாங்கினார்களாம். இங்கே நாங்கள் மெட்ராஸைப் பார்த்து இறங்கினோம், அங்கே அவர்கள் எங்களைப் பார்த்து ஏறினார்கள். இரண்டு நாளில் அவர்களும் இறங்கிவிட்டார்கள். தை மாதம் பிஸ்கட் பதினெட்டு.

நீங்கள் கேட்பீர்கள், அந்தப் பெரியவரைத் தடுத்திருக்கலாமே சார் என்று. மூன்று தரம் சொன்னேன். எண்ணம் இருந்தபோது எண்ணத்தைச் சொன்னேன், செய்தி வந்தபோது செய்தியைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு மனுஷன் கையைப் பிடித்துத் திருகவா முடியும்? உங்களுக்கு இந்தத் தொழிலில் வரப்போகும் கஷ்டம் செய்தி கிடைக்காதது இல்லை. கையில் உண்மையான செய்தியை வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் அதை வைத்தே பொய்யை நம்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். அப்போதும் சொல்லுங்கள். கமிஷன் போகும், மனை போகும் என்றாலும் சொல்லுங்கள். நம்ப வைப்பது உங்கள் வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும்.

பதினெட்டுக்கு வந்த அந்த வாரம் வரதாச்சாரி ஆபீசுக்கு வந்தார். முதலாளி மதுரையில் இருந்து திரும்பியாயிற்று, சாவி மறுபடி அரைஞாண் கயிற்றுக்குப் போயாயிற்று. பெரியவரைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தயாராக இருந்தேன். அவர் பலகையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சேகர், நீ அன்னிக்கே சொன்னே. நான்தான் கேக்கலை. போறது. பேத்திகள் கல்யாணத்துக்குள்ள அது ஏறாமயா போயிடும்" என்றார்.

எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. "சார், மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் இல்லைப்பா. ஒண்ணே ஒண்ணுதான் என்னை அரிச்சிண்டே இருக்கு. எங்க ஊர்ல பங்கை அள்ளினானே ஒருத்தன், அவன் யாருன்னு இன்னும் தெரியலையே. நாலு வீதியிலயும் விசாரிச்சுட்டேன். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேங்கறா. அவனை மட்டும் நீ எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"கண்டுபிடிச்சு என்ன சார் பண்ணப் போறீங்க? சண்டையா போடப் போறீங்க?"

"சண்டை எதுக்கு?" வரதாச்சாரி குனிந்து, முதலாளிக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார். "அடுத்தாப்ல எதை வாங்கப் போறான்னு கேக்கணும்."